தன் கணக்கைத் தானே எழுதுபவன்

உலகத்திலுள்ள பெரும்பாலான விளையாட்டுகளில் ஆடுகிறவன் ஒருவன்; கணக்கெடுக்கிறவன் வேறொருவன். உதைபந்தாட்டத்தில் ஊதுகுழலோடு நடுவர் கூடவே ஓடுகிறார். பூப்பந்தாட்டத்தில் கோட்டுக்கு ஒருவர் உட்கார்ந்து கண் கொட்டாமல் பார்க்கிறார். ஆடுகிறவனுடைய கடமை ஆடுவது மட்டுமே என்றும், அவன் செய்யும் தவற்றைக் கண்டுபிடிப்பது பிறருடைய வேலை என்றும் அங்கே ஏற்பாடாகியிருக்கிறது. கோல்ப் விளையாட்டிலோ நிலைமை வேறு. நூறு ஏக்கருக்கு மேற்பட்ட வெளியில், மரத்தடியிலும் புதரோரத்திலும் தன் பந்தைத் தேடிக்கொண்டு தனியே நிற்கும் மனிதனுக்கு அவனே நடுவன். போட்டியில் உடன் ஆடுகிறவர் கணக்குச் சீட்டை எழுதுகிறார் என்பது மெய்யே. ஆனால் அவர் காணாத அடியை அவர் எப்படி எழுதுவார்?

இவ்விளையாட்டைப் பொழுதுபோக்காக ஆடுகிற அன்பர்களைக் கேட்டால், அவர்கள் யாவரும் ஒரே குறையைச் சொல்வார்கள். “போன வாரம் 88 அடியில் முடித்தேன், இந்த வாரம் 103 ஆகிவிட்டது. கை அதே கை, மட்டை அதே மட்டை, என்ன நேர்ந்தது என்று விளங்கவில்லை” என்பதே அக்குறை. கையில் ஸ்திரம் இல்லை என்று அவர்கள் வருந்துகிறார்கள். கையின் ஸ்திரம் ஒரு விஷயம், கணக்கின் நேர்மை வேறொரு விஷயம் என்றே நாம் சாதாரணமாக எண்ணுகிறோம். இவ்விரண்டும் ஒன்றே என்பது என் அபிப்பிராயம். அதற்குரிய காரணங்களை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் ஓர் ஆட்சேபத்துக்கு விடை சொல்ல வேண்டும். “இது துரைமார்களின் ஆட்டமல்லவா? தோட்டத்துத் தமிழனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?” என்று சிலர் கேட்கக்கூடும். சிங்கப்பூரில் 1891லும் சிலாங்கூரில் 1893லும் கோல்ப் சங்கங்கள் ஏற்பட்டபோது அவை வெள்ளையர்களுக்காகவே ஏற்பட்டன என்பது உண்மைதான். ஆனால் மலாயாவின் ஆடுகளங்களில் காடு வெட்டியவர்களிலும், புல் வெட்டியவர்களிலும், பை சுமந்த பிள்ளைகளிலும் நம்மவர் எத்தனையோ பேர். இன்று ஜொகூரில் ஆடுகளமாக விரிந்திருக்கும் நிலங்களில் பல, முன்னாளில் பால்மரமும் அதன் பின் எண்ணெய்ப் பனையும் நின்ற நிலங்கள். நம் பாட்டன்மார் நடந்த மண்ணில் இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மட்டையோடு நடக்கிறார்கள். ஒரு விளையாட்டு யாருக்குரியது என்பதைத் தொடங்கினவனுடைய தோல் தீர்மானிப்பதில்லை. அதை ஒழுங்காக ஆடுகிறவனுடைய கை தீர்மானிக்கிறது.

இதற்குத் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணமே சாட்சி. 1860 முதல் தமிழரும் பிற இந்தியரும் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற நாடு அது. அங்கே டர்பன் நகரில் பை சுமந்து வளர்ந்த இந்திய வம்சத்தவர் பாப்வா சேவ்கோலம். முறைப்படி ஆசிரியரிடம் பயிலாதவர். வலக்கையின் கீழே இடக்கை வரும்படி, உலகம் பிடிப்பதற்கு நேர்மாறாக மட்டையைப் பிடித்தவர். அப்பிடியோடேயே 1959, 1960, 1964 ஆகிய ஆண்டுகளில் ஹாலந்து நாட்டுப் பகிரங்கப் போட்டியை வென்றார். 1963ல் நேட்டால் பகிரங்கப் போட்டியில் வெள்ளையர்களையெல்லாம் வென்றபோது, சங்கக் கட்டடத்துக்குள் அவரை அழைக்காமல் வெளியே மழையில் நிற்க வைத்துக் கோப்பையைக் கொடுத்தார்கள். நிற வெறியின் இழிவுக்கு அந்த மழை ஒன்றே போதிய சான்று. நான் இங்கே கருதுவது இன்னொரு பாடத்தையும் ஆகும். அவருடைய பிடி புத்தகப்படி தவறானது; ஆயினும் நேற்றும் இன்றும் நாளையும் அது ஒரே பிடியாக இருந்தது. ஸ்திரம் என்பது அழகு அல்ல. பிறரைப் போலிருப்பதும் அல்ல. தன்னுடையதைத் திரும்பத் திரும்ப ஒரே விதமாகச் செய்வதே ஸ்திரம்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. என் தகப்பனார் ஜொகூரில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், இருட்டிலேயே நிரையில் இறங்கி, நூற்றுக்கணக்கான மரங்களை ஒன்றன்பின் ஒன்றாக வெட்டுவார். கத்தி பட்டையில் ஆழமாகப் போகாவிட்டால் பால் வராது. மிக ஆழமாகப் போனால் மரம் காயப்படும். உயிருள்ள தசைக்கும் கத்திக்கும் இடையே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கனமே மிஞ்ச வேண்டும். காயம் பட்ட இடத்தில் பட்டை மீண்டும் வளரும்போது முண்டும் முடிச்சுமாக வளரும். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பக்கத்தை வெட்டப் போகிறவனுக்குக் கத்தி ஓடாது. மண்டோர் ஒவ்வொரு மரத்தையும் பார்க்க முடியாது. பார்த்தாலும் அன்றைக்கே எல்லாம் தெரிந்துவிடாது. “மண்டோருக்குத் தெரியாவிட்டாலும் மரம் கணக்கு வைத்திருக்கும்” என்பார் என் தகப்பனார். அவருடைய கையின் ஸ்திரத்தையும், யாரும் பார்க்காத மரத்திலும் அவர் காட்டிய நேர்மையையும் எங்கே பிரித்துக் கோடு போடுவது? எனக்கு அது இன்றுவரை தெரியவில்லை.

இனி, ஆடுகிறவன் ஏன் தடுமாறுகிறான் என்று பார்ப்போம். பெரும்பான்மையான தடுமாற்றங்களுக்கு மூலகாரணம் கையில் இல்லை. தன்னைப்பற்றிய தவறான மதிப்பில் இருக்கிறது. ஒருவன் தன் வாழ்நாளில் நீண்ட மட்டையால் ஒரே ஒரு நாள் 230 கஜம் அடித்திருப்பான். அன்று முதல் அதுவே தன் தூரம் என்று நம்புவான். நடுவே நீர்க்குட்டை இருந்தால், தான் எப்போதும் அடிக்கிற 190 கஜத்தை மறந்து, ஒரு நாள் அடித்த 230ஐ நினைத்து ஓங்குவான். பந்து நீரில் விழும். விழுந்ததும் “இன்றைக்கு நேரம் சரியில்லை” என்பான். கிரகமும் விதியும் இவ்வளவு சின்னப் பந்தையும் விட்டுவைப்பதில்லை போலும்! நேரம் சரியாகத்தான் இருந்தது, அன்பரே, கணக்குத்தான் சரியில்லை.

கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி என்பவர், ஏராளமான அடிகளைப் பதிவுசெய்து ஆராய்ந்து, 2014ல் ஒரு நூல் வெளியிட்டார். குழியருகே மெல்லத் தட்டும் அடிதான் ஆட்டத்தை நிர்ணயிக்கிறது என்பது வெகுகாலமாக வழங்கிவந்த நம்பிக்கை. அவர் எண்ணிப் பார்த்ததில், திறமை மிக்கவனுக்கும் குறைந்தவனுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, குழிக்கு 100 கஜத்துக்கு அப்பாலிருந்து அடிக்கும் அடிகளில்தான் உண்டாகிறது என்று தெரியவந்தது. பரம்பரையாகச் சொல்லப்பட்டது என்பதால் ஒரு கூற்று உண்மையாகிவிடாது. எண்ணிப் பார்த்தால்தான் தெரியும் என்பதற்கு இதைவிட எளிய உதாரணம் வேண்டுமா?

இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவில் கோடிக்கணக்கில் பொருள் ஈட்டும் தொழில்முறை ஆட்டக்காரர்களும், குழியிலிருந்து 8 அடி தூரத்தில் கிடக்கும் பந்தை ஏறக்குறைய இரண்டுக்கு ஒரு முறைதான் குழியில் தள்ளுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடும் நம் ஊர்க் கிராணியாரோ அதே 8 அடியில் தவறியதும் மட்டையைத் தரையில் அடித்துக் கோபிக்கிறார். உலகத்திலேயே சிறந்தவன் பாதிக்குப் பாதி தவறுகிற இடத்தில், தான் ஒருபோதும் தவறக்கூடாது என்று எதிர்பார்ப்பது தன்னம்பிக்கையன்று, அறியாமை. அந்தக் கோபம் அடுத்த குழிக்கும் கூடவே நடந்து போகிறது. ஒரு தவறு மூன்று தவறாவது இவ்விதமே.

உலகமெங்கும் 2020 முதல் வழங்கிவரும் ஹாண்டிகேப் முறையை யோசித்துப் பாருங்கள். வலியவனும் எளியவனும் சேர்ந்து ஆடும்பொருட்டு, எளியவனுக்கு இத்தனை அடி சலுகை என்று அது நிர்ணயிக்கிறது. ஒருவன் கடைசியாக ஆடிய 20 ஆட்டங்களில் மிகச் சிறந்த 8ஐ மட்டும் எடுத்துச் சராசரி காண்கிறார்கள். ஆகவே அந்த எண், அவன் சாதாரணமாக ஆடுவதைக் காட்டுவதில்லை. நன்றாக ஆடும் நாளில் எவ்வளவு ஆடக்கூடியவன் என்பதைக் காட்டுகிறது. பெரும்பாலான நாட்களில் அவன் அந்த எண்ணுக்கு மேலேதான் முடிப்பான், அது தோல்வியன்று. ஒரே குழியில் பத்துப் பன்னிரண்டு அடி அடித்துவிட்டாலும், ஓர் எல்லைக்கு மேற்பட்டதை அம்முறை கணக்கில் சேர்ப்பதில்லை. ஒரு கெட்ட நாழிகையைக் கொண்டு மனிதனை முழுவதும் அளக்காதே என்னும் நியாயம் அதில் அடங்கியிருக்கிறது. நம் வீடுகளில் பிள்ளைகளை அளக்கும்போது இந்த நியாயத்தை நாம் கைக்கொள்கிறோமா?

இவ்வளவு நியாயமான முறைக்கும் ஒரே ஓர் அஸ்திவாரம்தான் உண்டு. ஒவ்வொருவனும் உண்மைக் கணக்கைக் கொடுக்க வேண்டும். பெருமைக்காகச் சிலர் அடிகளைக் குறைத்து எழுதுகிறார்கள். பரிசுக்காக வேறு சிலர் நல்ல கணக்குகளை மறைத்து, கெட்ட கணக்குகளை மட்டும் காட்டி, வலியவனாயிருந்துகொண்டே எளியவனுக்குரிய சலுகையைப் பெறுகிறார்கள். முன்னவன் தன்னை ஏமாற்றுகிறான். பின்னவன் பிறனை ஏமாற்றுகிறான். பின்னவனை யாவரும் வெறுக்கிறோம். முன்னவனைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம். ஆனால் முன்னேற வேண்டுமென்று ஆசைப்படுகிறவனுக்கு முன்னதே கொடிய நோய் என்பதை நான் சொந்த அனுபவத்தில் கண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜொகூரில் ஓர் ஆடுகளத்தில், என் வாழ்வில் முதல் தடவையாக 90க்குக் கீழே முடிக்கக்கூடிய நிலையில் இருந்தேன். 17ஆம் குழியில் பந்து ஒரு புதரோரம் போய்க் கிடந்தது. பின்னால் மட்டையை வைத்தேன்; புல் அசைந்தது; பந்து அரைச் சுற்று உருண்டது. அதைப் பழைய இடத்தில் வைத்து ஓர் அடி கூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. நான் சுற்றிலும் பார்த்தேன். ஒருவரும் இல்லை. பார்த்ததுதான் குற்றம், யோக்கியன் ஏன் சுற்றிலும் பார்க்க வேண்டும்? அந்த ஓர் அடியை விழுங்கிவிட்டேன். சீட்டில் 89 என்று வந்தது. நண்பர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். வீட்டிலும் சொன்னேன்.

அதன்பின் நடந்ததுதான் விசித்திரம். ஒவ்வொரு வாரமும் அந்த 89ஐ மீண்டும் எட்ட வேண்டுமென்று, என் சக்திக்கு மேற்பட்ட அடிகளையெல்லாம் முயன்றேன். கணக்கு 97, 99, 101 என்று ஏறிற்று. எது என் குறை என்று அறிவதற்காகப் பழைய சீட்டுகளைப் புரட்டினேன்; ஒரு பொய் புகுந்த பிறகு மற்றவைமேலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வைத்தியனிடம் பொய் சொல்லிவிட்டு மருந்தைக் குறை சொன்னால் ஆகுமா? ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் சென்றபின் ஒரு காலையில் மெய்யாகவே 89ல் முடித்தேன். அந்த மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள எனக்கு ஆள் இல்லை. அதை முன்னமேயே செலவழித்துவிட்டேன். அன்று மாலை என்னோடு வழக்கமாக ஆடும் தம்பியிடம் பழைய கதையைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, “அன்றைய தேநீர்க் காசு உங்களுடையதுதானே, அண்ணே, எனக்கொன்றும் நட்டமில்லை” என்றார். நட்டம் யாருக்கு என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

பெரியோர் வாழ்விலும் இவ்விஷயம் பரீட்சிக்கப்பட்டிருக்கிறது. போட்டிகளில் கூலி வாங்காமல் ஆடிய பாபி ஜோன்ஸ் என்னும் அமெரிக்கர், 1925ல் தம் நாட்டுப் பகிரங்கப் போட்டியில், புல்லில் கிடந்த தம் பந்து சற்றே அசைந்ததைத் தாம் ஒருவரே கண்டு, தம்மேல் ஓர் அடி தாமே சுமத்திக்கொண்டார். முடிவில் சமநிலை ஏற்பட்டு, மறு ஆட்டத்தில் ஓர் அடியில் தோற்றார். அந்த அடியை அவர் விழுங்கியிருந்தால் மறு ஆட்டமே தேவைப்பட்டிராது.

நம் ஜொகூருக்கே வந்து போன ஒருவர் கதை இதைவிட நுட்பமானது. அயர்லாந்தின் பாட்ரிக் ஹாரிங்டன், கணக்கியல் பயின்றவர். 2000ல் இங்கிலாந்தில் ஒரு போட்டியில் மூன்று நாள் ஆட்டம் முடிந்து 5 அடி முன்னணியில் இருந்தார். முதல் நாள் சீட்டில் தம் கையெழுத்தைப் போட மறந்தது கடைசி நாள் காலையில் தெரியவந்து, ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். 2007லும் 2008லுமாக உலகின் மிகப் பெரிய போட்டிகளில் மூன்றை வென்றார். பின்னும் திருத்த வேண்டும், இன்னும் திருத்த வேண்டும் என்று தம் ஆட்டத்தை மாற்றிக்கொண்டே இருந்தார். இரண்டு ஆண்டுகள் பெரிய வெற்றி எதுவும் கிட்டவில்லை. 2010 அக்டோபரில் ஜொகூரில் ஹோரைசன் ஹில்ஸ் களத்தில் நடந்த இஸ்கந்தர் ஜொகூர் பகிரங்கப் போட்டியில்தான் மீண்டும் வென்றார். சிறந்தவனுடைய ஸ்திரமும் இடையறாத நேர்கோடு அன்று என்பதற்கு நம் மண்ணே சாட்சி.

அடுத்த மூன்றே மாதத்தில், 2011 ஜனவரியில், அபுதாபியில் அவருக்கு மறுபடியும் சோதனை வந்தது. அடையாளக் காசை எடுக்கையில் அவர் விரல் பந்தைத் தொட்டது; பந்து தன் இடத்துக்கே திரும்பிவிட்டதாக அவர் மனப்பூர்வமாக நம்பினார். தொலைக்காட்சியில் பார்த்த ஒருவர் எழுதி அறிவிக்க, மெதுவாக ஓட்டிப் பார்த்ததில் பந்து மயிரிழை முன்னே நகர்ந்திருந்தது. 2 அடி கூட்டாமல் கையெழுத்திட்ட குற்றத்துக்காக விலக்கப்பட்டார். அவர் முறையிடாமல் ஏற்றுக்கொண்டார்.

இது நியாயமா என்று நேயர்கள் கேட்பீர்கள். நானும் கேட்கிறேன். 1968ல் மாஸ்டர்ஸ் போட்டியில் ராபர்ட்டோ டி விசென்சோ 17ஆம் குழியை 3 அடியில் முடித்ததை உலகமே கண்டது. சீட்டு எழுதியவர் கைத்தவறுதலாக 4 என்று எழுத, இவர் பாராமல் கையெழுத்திட, எழுதிய 4தான் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அந்த ஓர் அடியால் முதலிடச் சமநிலையை இழந்தார். வஞ்சகத்துக்கும் கவனக்குறைவுக்கும், கவனக்குறைவுக்கும் அறியாமைக்கும் ஒரே தண்டனை விதிக்கும் சட்டம் கண்ணில்லாத சட்டமே. ஆனால் பாருங்கள்: ஹாரிங்டன் விலக்கப்பட்ட அதே 2011 ஏப்ரலில், ஆடுகிறவன் அறிந்திருக்கவே முடியாத தவற்றுக்கு விலக்குதல் வேண்டாம் என்று விதிக்கு இளக்கம் செய்தார்கள். 2018 முதல் வீட்டிலிருந்து பார்ப்பவர்கள் எழுதும் புகார்களை ஏற்பதில்லை. 2019 முதல், குழியருகேயுள்ள குறும்புல் தரையில் தற்செயலாகப் பந்து அசைந்தால் தண்டனையே இல்லை. திரும்ப வைத்தால் போதும். மனிதர் செய்த விதியை மனிதர் அறிவுகொண்டு திருத்தினார்கள். விதி என்று எழுதிவிட்டதால் அது என்றைக்கும் மாறாது என்பவர்களுக்கு இது நல்ல பாடம்.

விதி திருந்தத் திருந்த, ஆடுகிறவனுடைய பொறுப்பு குறையவில்லை, அதிகமாகிறது. அன்று எட்டி நின்று காவல் காத்த கண்கள் போய்விட்டன. இன்று அவனுடைய கண் ஒன்றே எஞ்சியிருக்கிறது.

ஆகவே, ஸ்திரமாக ஆட விரும்பும் அன்பர்களுக்கு நான் சொல்வது சில எளிய விஷயங்களே. ஒவ்வொரு மட்டையாலும் நீங்கள் சாதாரணமாக அடிக்கும் தூரத்தை எழுதி வையுங்கள், சிறந்த தூரத்தையன்று. காட்டுக்குள் பந்து போனால், இலைகளின் இடுக்கில் அதிசயம் புரிய நினையாமல், ஓர் அடி செலவிட்டு வெளியே வாருங்கள். பயிற்சியில் ஒரே மட்டையால் ஐம்பது முறை அடிப்பதைவிட மட்டையையும் குறியையும் மாற்றி மாற்றி அடியுங்கள். அப்போது கை தடுமாறுவதுபோல் தோன்றும்; ஆனால் கற்றது நிலைக்கும் என்று 1979லேயே ஷே, மார்கன் என்னும் ஆராய்ச்சியாளர் சோதித்துக் காட்டினர். தவறிய அடியை அடுத்த குழிக்குச் சுமந்து செல்லாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அடித்ததை அடித்தபடியே எழுதுங்கள். மற்ற யோசனைகள் யாவும் இந்த ஒன்றின்மேல்தான் நிற்கின்றன.

மட்டையைத் தொட்டறியாதவர்களுக்கும் இது பொருந்தும். சங்கத்தின் வரவுசெலவை எழுதும் காரியதரிசிக்கும், பால் நிறுக்கும் கிராணிக்கும், மாணவனுக்கு எண் போடும் ஆசிரியருக்கும், யாரும் பார்க்காத ஒரு புதரோரம் உண்டு. அங்கே பந்து அரைச் சுற்று உருளும். அப்போது சுற்றிலும் பாராமல் சீட்டைப் பார்க்கிறவன் எவனோ, அவனுடைய கைதான் நாளைக்கும் நடுங்காமல் இருக்கும்.

என் தகப்பனார் கோல்ப் ஆடியதில்லை. ஆனால் அவர் வெட்டிய நிரையில் பின்னால் வெட்ட வந்தவர்களுக்குக் கத்தி தடையின்றி ஓடிற்று.